கோடை மாலையில் திறந்தவெளி அரங்கு

இருபது பிராங் தாள் ஒன்றை எடுத்து இருபுறமும் திருப்பிப் பாருங்கள். 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் புழக்கத்துக்கு வந்த இச்சிவப்புத் தாளின் கருப்பொருள் ஒளி. முப்பட்டகத்தினால் பிரிக்கப்பட்ட ஒளிக்கதிரும் வண்ணத்துப்பூச்சிகளும் அதில் இடம்பெற்றுள்ளன. அவற்றோடு, ஒரு நகரச் சதுக்கத்தில் திறந்த வானின் கீழ் நிமிர்ந்து நிற்கும் பெருந்திரை ஒன்றும் பொறிக்கப்பட்டுள்ளது. அச்சதுக்கம் தெற்கே இத்தாலிய மொழி வழங்கும் ரிச்சினோ மாநிலத்தில், லொக்கார்னோ நகரில் உள்ள பியாற்சா கிராண்டே ஆகும். தன் நாணயத்தாளில் பொறிக்கும் அளவுக்கு ஒரு நாடு மதிக்கும் பழக்கம் யாதெனில், கோடை இரவில் வெளியே அமர்ந்து படம் பார்ப்பது! அத்தாளை நாம் நாள்தோறும் கடைகளில் கொடுத்து வாங்குகின்றோம். ஆயின் அப்படி ஒரு திரையின் முன் குடும்பத்தோடு அமர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்?

இவ்வாறு கேட்பதற்கு எமக்கும் தகுதி குறைவே. இந்நாட்டுக்கு வந்த முதற்கோடையில், சிறுநகர் ஒன்றின் அகதிகள் இல்லத்தில் தங்கியிருந்தோம். ஒரு மாலை அங்குள்ள பாடசாலை முற்றத்தில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். வேலிக்கு வெளியே, மேட்டுப்புல்லில், துணியின் பின்புறத்தை நோக்கியவாறு நாம் மூவர் நின்றோம். துணி மெல்லியதாகையால் பின்புறமும் படம் தெரிந்தது. படத்தில் எல்லாரும் இடக்கையால் உண்டார்கள், இடக்கையால் கைகுலுக்கினார்கள். இது இந்நாட்டு வழக்கம் போலும் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். எழுத்துக்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு தோன்றிய போதுதான், பள்ளிக்கூடத்தில் ஒளியியல் கற்பித்த எமக்கே உண்மை விளங்கிற்று. வாயிலில் நின்ற மூதாட்டி ஒருவர் எம்மைப் பார்த்துக் கையசைத்து அழைத்தார். அனுமதிச்சீட்டு வாங்கப் பணம் இல்லை என்று வெட்கி, பார்க்காததுபோல் திரும்பி நடந்தோம். அன்றைய காட்சி நகரசபையால் இலவசமாக நடத்தப்பட்டது என்பதை அடுத்த ஆண்டு, டொச் மொழியில் அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்ற பின்னரே அறிந்தோம்.

இக்கட்டுரை அந்த வேலிக்கு உள்ளே போகும் வழியைப் பற்றியது. முதலில், இவ்வின்பம் ஏன் இங்கே கோடைக்கே உரியதாயிற்று என்பதைப் பார்ப்போம்.

எமது முல்லைத்தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. சூரிச் நகரம் 47 பாகையில் உள்ளது. ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாகக் கீழிறங்கும். ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணிக்கும் ஆறரைக்கும் சற்று முன்பின்னாக மறைந்து, அரை மணி நேரத்துக்குள் இருள் சூழ்ந்துவிடும். இங்கேயோ ஆனி மாதத்துச் சூரியன் தொடுவானத்தைச் சாய்வாக உராய்ந்துகொண்டு இறங்குகின்றது. யூன் 21 அளவில் சூரிச்சில் சூரியன் மறைய இரவு 9.25 ஆகும். அதன் பின்னரும் வெளிச்சம் விடைபெற மனமின்றி நிற்கும். வானம் முழுமையாகக் கறுக்க நள்ளிரவாகிவிடும். மாரியிலோ மாலை ஐந்து மணிக்கு முன்பே இருள். ஆண்டில் பாதி நாட்கள் ஒளிக்கு ஏங்கிக் கிடக்கும் மக்கள், இந்த நீண்ட மாலைகளை வீட்டுக்குள் வீணாக்க விரும்பாததில் வியப்பென்ன?

இந்த நீண்ட அந்தி நாடகத்துக்கு நண்பன், திரைப்படத்துக்கோ இடையூறு. காரணம் எளிது. ஒளியெறிகருவியால் ஒளியைத்தான் எறியமுடியும், இருளை எறிய முடியாது. படத்தில் நாம் கருமை என்று காண்பது திரையில் ஒளிபடாத இடமே. வானத்து வெளிச்சம் திரைமீது விழுமாயின் அந்த இடம் சாம்பல் நிறமாகிவிடும். நடிகரின் கருங்கூந்தலும் வெளிறிப்போகும். ஆகவே இருள் வரும்வரை காத்திருக்க வேண்டும். கோடையின் நடுவில் படம் தொடங்க இரவு ஒன்பதரை தாண்டுவதும், பெரிய விழாக்கள் யூலை நடுப்பகுதிக்கும் ஓகஸ்ட் மாதத்துக்கும் வைக்கப்படுவதும் இதனாற்றான். வெப்பம் இன்னும் குறையவில்லை, இரவோ சற்று முன்கூட்டியே வருகின்றது என்பதே அக்காலத்தின் வசதி. லொக்கார்னோவில் ஓகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் மறைவது 9 மணிக்குச் சற்று முன். சதுக்கத்தில் காட்சி தொடங்குவது 9.30 மணிக்கு.

லொக்கார்னோ விழா இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டில், 1946 இல், விடுதி ஒன்றின் பூங்காவில் தொடங்கியது. 1971 முதல் பியாற்சா கிராண்டே சதுக்கம் அதன் மாலை அரங்காக விளங்குகின்றது. அங்குள்ள திரை 26 மீற்றர் அகலமும் 14 மீற்றர் உயரமும் கொண்டது. பெருக்கிப் பாருங்கள், மாணவர்களே: 364 சதுர மீற்றர். எமது வகுப்பறைத் திரை 2 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் உயரமும் உடையது. அதனைப்போல் நூற்றிருபது மடங்குக்கும் மேல். அதே பிரகாசத்துடன் படம் தெரியவேண்டுமாயின் ஒளியும் அத்தனை மடங்கு வேண்டும். சதுக்கத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அமரலாம். மஞ்சளும் கறுப்புமான நாற்காலிகள், விழாவின் சின்னமாகிய சிறுத்தையின் நிறங்களில், வரிசை வரிசையாக நிரம்பியிருக்கும். சதுக்கத்தில் காட்டப்படும் படங்களுள் ஒன்றுக்குப் பார்வையாளரே வாக்களித்துப் பரிசு வழங்குகின்றனர். மழை வந்தாலும் காட்சி நிற்பதில்லை. மழைச்சட்டையின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் அசையாது இருப்பர். ஊரில் திருவிழா இரவில் மழை தூறினால் பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கூத்துப் பார்த்த எம் தாய்மாரை நினைத்துக்கொண்டோம்.

சூரிச் வாழ் பெற்றோர் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அங்கே ஏரிக்கரையில், சூரிச்கோர்ன் என்னுமிடத்தில், கோடைதோறும் ஒரு வேடிக்கையைக் காணலாம். பகலில் திரை நீர்ப்பரப்புக்குமேல் படுத்துக் கிடக்கும். இருள் கவியும் வேளையில் நீரியல் விசையினால் மெல்ல மெல்ல எழுந்து நிற்கும். ஒரு கதவு திறப்பதுபோல் அது எழும்போது சிறுவர்கள் கைதட்டி ஆர்ப்பரிப்பர். திரையைப் படுக்கவைப்பது அழகுக்காக மட்டுமன்று. அத்தனை அகலமான திரை காற்றுக்கு ஒரு பாய்மரம். புயல் வீசினால் அதனை மடக்கும் வழி இருத்தல் வேண்டும். கப்பலோட்டிய இனத்தார்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

ஒலியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும்; ஏனெனில் எம்மவர் முயற்சிகளுக்கு வரும் தடையும் அங்கேதான் இருக்கின்றது. பகலில் நிலத்தை அடுத்த காற்று சூடாகவும் மேற்காற்று குளிராகவும் இருக்கும். சூடான காற்றில் ஒலி விரைந்து செல்லும். ஆதலால் பகலில் ஒலியலைகள் மேல்நோக்கி வளைந்து வானத்தில் கரைந்துபோகின்றன. சூரியன் மறைந்து நிலமும் நீரும் குளிர்ந்ததும் நிலைமை தலைகீழாகின்றது. கீழே குளிர்காற்று, மேலே சூடான காற்று. இப்போது ஒலியலைகள் கீழ்நோக்கி வளைந்து நிலத்தை ஒட்டியே நெடுந்தூரம் செல்கின்றன. ஊரில் அயற்கிராமத்துக் கூத்தின் மத்தள ஓசை நள்ளிரவில் எம் வீட்டுத் திண்ணையில் கேட்டதன் இரகசியம் இதுவே. ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் அண்ணாவியாரின் குரல் கடைசி வரிசைக்கு எட்டியதற்கு அவருடைய தொண்டையோடு இவ்வியற்கையும் துணைநின்றது. இங்கே இரவு பத்து மணிக்குப் பின் அமைதி பேண வேண்டும் என்று உள்ளூராட்சிகள் விதி வைத்திருக்கின்றன. பகலில் அயலாருக்குக் கேளாத பாட்டு இரவில் அவர் கட்டிலருகே போய் நிற்கும்.

இனி நாடகத்துக்கு வருவோம். பாசல் நகருக்கு அருகே, ஔக்ஸ்ற் என்னும் ஊரில், உரோமானியர் கட்டிய கல் அரங்கு இன்றும் உள்ளது. அக்காலத்தில் ஏறத்தாழ 10,000 பேர் அதில் அமர்ந்தனர் என்பர். அரைவட்டமாக அடுக்கடுக்காய் உயரும் அதன் படிகளில் இருந்து பார்க்கையில், ஒருவர் தலை மற்றவருக்கு மறைக்காதிருக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழிகண்டமை புலப்படும். கட்டணம் எதுவுமின்றிப் பிள்ளைகளை அழைத்துச்சென்று காட்டக்கூடிய இடம் அது.

ஆயினும் எம்மை மிகவும் கவர்ந்தவை வேறு இரண்டு. இன்ரலாக்கன் அருகே மாற்றன் என்னுமிடத்தில் 1912 ஆம் ஆண்டில் வில்லியம் ரெல் நாடகத்தைக் காட்டோரத்துத் திறந்தவெளியில் ஆடத் தொடங்கினர்; பல தலைமுறையாக அது ஆடப்பட்டு வந்தது. நாடகத்தை எழுதியவர் செருமானியப் பெரும்புலவர் சில்லர். 1804 இல் அரங்கேறிய இந்நாடகத்தின் ஆசிரியர், சுவிற்சர்லாந்து மண்ணில் ஒருபோதும் கால்வைத்தவரல்லர் என்பது சுவையான செய்தி. கம்பத்தில் தொங்கும் ஆளுநரின் தொப்பிக்கு வணங்க மறுத்த வில்லாளி, தன் மகனின் தலையில் வைத்த அப்பிளை எய்து வீழ்த்தும் கதையை எம் பிள்ளைகள் இந்நாட்டுப் பாடசாலையிற் படித்திருப்பார்கள். மாற்றனில் மேடைக்கு உண்மையான பசுக்கள் மணியோசையுடன் இறங்கி வந்தன. ஆளுநர் உண்மையான குதிரையில் வந்தார். நடித்தவர்களோ தொழில்முறை நடிகரல்லர், அவ்வூர் மக்கள்.

மற்றது ஐன்சீடெல்ன். கறுப்பு மாதாவை வணங்க நம்மவர், கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும், செல்லும் அதே மடாலயந்தான். அதன் முன்னுள்ள சதுக்கத்தில் 1924 முதல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, 'உலகப் பேரரங்கு' எனப்படும் நாடகத்தை ஊரார் ஆடுகின்றனர். மூலத்தை எழுதியவர் 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கால்தெறோன் என்னும் இசுப்பானியர். இறைவன் மக்களுக்கு அரசன், உழவன், பிச்சைக்காரன் என்று வேடங்களைப் பகிர்ந்தளிக்க, அவர்கள் ஆடி முடித்து வேடம் களைவதே அதன் கதை. அண்மைக் காலத்தில் 2000, 2007, 2013 ஆகிய ஆண்டுகளில், அவ்வக்காலத்து எழுத்தாளர் புதுக்கி எழுதிய வடிவங்களில் அது ஆடப்பட்டது. 2020 இல் ஆடவேண்டியது கொள்ளைநோயினால் தள்ளிப்போய் 2024 இல், தொடங்கி நூறாண்டு நிறைந்த கோடையில், மேடை கண்டது. அதில் பங்கேற்போர் நூற்றுக்கணக்கான ஊரவர். பகலில் தச்சராகவும் தாதியாகவும் கடைக்காரராகவும் இருப்போர் மாலையில் உடை மாற்றிக்கொண்டு வந்து ஆடுகின்றனர். தாத்தா ஆடிய நாடகத்தில் பேரன் ஆடுகின்றான்.

இதைக் கேட்டபோது எமக்கு முள்ளியவளை நினைவுக்கு வராமல் வேறென்ன வரும்? வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலை அண்டிய எங்கள் பகுதியில் கோவலன் கூத்தும் அவ்வாறே ஆடப்பட்டது. ஆடியவர் வயலுழுதோரும் கடற்றொழிலாளரும் எம்மைப்போன்ற வாத்திமாருமே. மாதக்கணக்கிற் பழகி, அண்ணாவியாரிடம் ஏச்சு வாங்கி, வெள்ளுடுப்புப் பார்த்து அரங்கேற்றுவார்கள். மண்ணாற் சற்றே உயர்த்திய வட்டக்களரி. நாற்புறமும் மக்கள், பாயிலும் சாக்கிலும். தீப்பந்தம் இருந்த இடத்தில் பெற்றோல்மாக்ஸ் வந்தது. அதுவே எம் காலத்துப் பெருநாகரிகம். திரைப்படம் ஒரு திசையை நோக்கியது. மறுபுறம் நிற்பவன் இடக்கையால் உண்பவரையே காண்பான். வட்டக்களரிக்கோ பின்புறம் என்பது இல்லை. கூத்தர் களரியைச் சுற்றிச் சுற்றி ஆடி, எல்லாத் திசைக்கும் முகங்காட்டிப் பாடுவார். பிந்தி வந்தவனுக்கும் ஒரு முகம் உண்டு.

வெளிச்சத்தை எங்கே வைப்பது என்பது இன்று நேற்று எழுந்த கேள்வியன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் அரங்கின் அளவைக் கூறும்போது, அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என வகுத்து, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கவேண்டும் என்பதையும் குறிப்பிடுகின்றார். கோடை விழாவில் விளக்குக் கம்பம் நடும் தொழிலாளர் செய்வதும் அதுவே. கண்ணகியின் கதையைக் களரியில் ஆடிய எம் ஊரவரும் பெற்றோல்மாக்ஸைத் தூக்கிக்கொண்டு இடம்பார்த்து நடந்தது அதற்காகவே.

போர் அந்த இரவுகளைப் பறித்துக்கொண்டது. ஊரடங்கும் எறிகணையும் உள்ள நாட்டில் யார் இரவில் வெளியே பாய் விரிப்பார்? எமது தலைமுறையினர் விடியவிடியக் கூத்துப் பார்த்தது சிறுவராய் இருந்தபோது மிகச்சில தடவைகள் மட்டுமே. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் அயலவர் முற்றத்தில், மின்பிறப்பாக்கி இரைய இரைய, சிறு தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி ஊரே கூடியிருந்து படம் பார்த்தோம். மண்ணெண்ணெய் முடியுமிடத்தில் கதையும் முடிந்துவிடும். இறுதிக்காட்சி தெரியாத படங்கள் எமக்குப் பல உண்டு. வெளியே இருட்டில் நிற்பது ஆபத்து என்ற எண்ணம் உடலில் ஊறியே இங்கு வந்தோம். கோடை மாலையிலும் யன்னற்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் எமது வழக்கத்துக்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று எம் பிள்ளைகள் நினைப்பது சரியன்று. ஆனால் அப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுப்பது நியாயமா என்பது வேறு கேள்வி.

கூத்தையும் நாம் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில், எமது மாணவர் பழகிய கூத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கப்பட்டது. வாடகை மண்டபம், ஒருபுறம் மட்டும் திறந்த மேடை, தரையில் ஒட்டிய நாடாவுக்கு அப்பால் ஒலிவாங்கி எட்டாது. சுற்றி ஆடவேண்டிய பிள்ளைகள் வரிசையாய் நின்று பாடினார்கள். பத்தாவது நிமிடத்தில் மணி அடித்தது. அப்போது கோவலன் இன்னும் மதுரைக்குப் போய்ச் சேரவில்லை. கூத்தைப் படச்சட்ட மேடைக்கு மாற்றுவது குற்றமென்று சொல்லவில்லை, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்' தொடக்கம் அதனைத் திறம்படச் செய்து காட்டியிருக்கின்றார். அவர் மேடையை ஆராய்ந்து மாற்றினார். நாமோ மண்டபத்தின் மணிக்கூட்டுக்கு அஞ்சி வெட்டினோம்.

சென்ற கோடையில் உயர்வகுப்பு மாணவரைத் திறந்தவெளி நாடகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். இடைவேளையில் ஒரு மாணவி, "ஆசிரியர், இவர்கள் எல்லாரும் இந்த ஊர் ஆட்கள் என்றால் எங்கட ஊர் ஆட்கள் எங்கே ஆடுகிறார்கள்?" என்று கேட்டாள். எங்கட ஊர் என்று அவள் சொன்னது முல்லைத்தீவையா, தான் பிறந்த இந்நகரத்தையா என்று எமக்குத் தெரியவில்லை, கேட்கவுமில்லை.

இவ்வாண்டு புறப்பட எண்ணும் பெற்றோருக்குச் சில சொற்கள். இரவு பத்து மணிக்குமேல், யூலையிலும், குளிர் தரையிலிருந்து ஏறும். தலா ஒரு கம்பளியும் ஒரு மழைச்சட்டையும் எடுத்துச் செல்லுங்கள். குடையை விரித்தால் பின்னால் உள்ளவர் முறைப்பார், அது நியாயமே. அறிவிப்புகளில் படத்தின் பெயரருகே உள்ள எழுத்துக்களைக் கவனியுங்கள்: முதலில் வரும் பெரிய எழுத்து படத்தில் பேசப்படும் மொழி, அடுத்துவரும் சிறிய எழுத்துக்கள் திரையின் கீழே எழுத்தில் வரும் மொழிகள். பெரிய 'ஈ' ஆங்கிலம், சிறிய 'டே' டொச், சிறிய 'எஃப்' பிரெஞ்சு. நாடகங்களிற் பல உள்ளூர்ப் பேச்சுமொழியில் அமைவதால், கதையை முன்னரே பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். அவர்கள் எமக்குக் கற்பிக்கும் அந்த அரைமணி நேரமும் நன்றாகவே இருக்கும். கடைசிப் புகையிரதம் எத்தனை மணிக்கு என்பதை முதலிற் பாருங்கள். நுழைவாயிலில் யாராவது கையசைத்து அழைத்தால், இலவசமா என்று கேட்டுவிடுங்கள்.

எமது பாடசாலையும் ஒரு முயற்சியில் இறங்கியுள்ளது. யூன் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையன்று பாடசாலையின் பின்புறப் புற்றரையில் கோவலன் கூத்தை வட்டக்களரியாக ஆட உள்ளூராட்சியிடம் அனுமதி கேட்டு விண்ணப்பித்துள்ளோம். மாலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்து மணி விதிக்கு முன் மூன்றரை மணி நேரம் கிடைக்கும். ஒன்பதரைவரை விளக்கே தேவையில்லை. கோவலன் இம்முறை மதுரைக்குப் போய்ச் சேருவான், கண்ணகி வழக்குரைக்கும்போது இருளும் வரும். மத்தளம் வைத்திருப்பவர்கள் ஆசிரியர்களுடன் தொடர்புகொள்ளவும். அயல்வீட்டாருக்கு டொச் மொழியில் அழைப்பு எழுத இரு மாணவர் முன்வந்துள்ளனர். நாற்காலிகள் போடப்படமாட்டா, வருபவர்கள் தத்தமக்குரிய பாயைக் கொண்டுவர வேண்டுகின்றோம்.